சென்சார் ஒயர் எதில் போய்ச் சேர வேண்டும்: கேமராவிலா, என்விஆரிலா, அலாரம் பேனலிலா?

ஐபி கேமராவோடு கதவு சென்சார், பிஐஆர் (உடம்புச் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார்), சைரன் இதையெல்லாம் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த சென்சார் நல்லது?" என்பதுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, அந்த சென்சாரின் ஒயர் எங்கே போய் முடியப்போகிறது என்பது. ஒரே பிஐஆரைக் கேமராவிலும் மாட்டலாம், கேமராக் காட்சிகளைப் பதியும் பெட்டியான என்விஆரிலும் மாட்டலாம், சென்சாரையும் சைரனையும் மட்டும் கவனிக்கும் தனி அலாரம் பேனலிலும் மாட்டலாம். பகலில் சோதித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனபிறகும், யாராவது ஒயரை வெட்டியபிறகும்தான் வித்தியாசம் தெரியும்.

பேச்சுக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம். முன்பக்கம் ரோலிங் ஷட்டர், பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு, அதையொட்டித் தகரக் கூரை போட்ட குடோன். நான்கு ஐபி கேமரா, ஒரு என்விஆர், நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் தரும் ஒரு பிஓஇ சுவிட்ச். முதலாளி வீடு இரண்டு தெரு தள்ளி. தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கக்கூடிய அமைப்பு இது. ஆள் நுழைந்தால் சைரன் அலற வேண்டும், முதலாளிக்குப் போன் வர வேண்டும், அந்த நேரத்துக் காட்சி பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்க என்ன வழி இருக்கிறது என்று பார்க்கலாம்.

கேமராவின் சொந்த டெர்மினல்

சில கேமராக்களின் வால் ஒயரில் நெட்வொர்க் சாக்கெட்டோடு சில மெல்லிய ஒயர்கள் தனியாகத் தொங்கும். ஒரு ஜோடி அலாரம் இன்புட்டுக்கு, இன்னொரு ஜோடி அலாரம் அவுட்புட்டுக்கு. விலை குறைந்த டோம், புல்லட் கேமராக்கள் பலவற்றில் இது இருக்காது. ஹிக்விஷனின் பல மாடல்களில் எண்ணின் கடைசியில் ‘ஐ’ என்று மட்டும் இருந்தால் இந்த ஒயர்கள் கிடையாது. ‘ஐஎஸ்’ என்று இருந்தால் ஆடியோவும் அலாரமும் உண்டு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே பெட்டியைப் பார்த்து வாங்காமல் ஸ்பெக் ஷீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

இன்புட் வேலை செய்யும் விதம் எளிது. அதற்கு வேண்டியது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இரண்டு ஒயரும் சேர்ந்தால் ஒரு நிலை, பிரிந்தால் இன்னொரு நிலை. அந்த ஒயர்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஆக்ஸிஸ் போன்ற சில கேமராக்களின் இன்புட் 30 வோல்ட் டிசி வரை தாங்கும் என்று ஸ்பெக்கில் இருக்கும். எல்லாக் கேமராவும் அப்படி இல்லை. அடாப்டரின் 12 வோல்ட்டைத் தெரியாமல் அலாரம் இன்புட்டில் கொடுத்தால் அந்த இன்புட் போய்விடலாம், சில சமயம் கேமராவே போய்விடலாம்.

குடோனுக்குள் உள்ள பிஐஆரை அங்கேயே உள்ள கேமராவோடு இணைப்பதென்றால், பிஐஆரின் மூடியைக் கழற்றியதும் வரிசையாக ஆறு ஸ்குரூ இருக்கும்: 12 வோல்ட் பிளஸ், மைனஸ், அலாரம் காண்டாக்ட் இரண்டு, டேம்பர் காண்டாக்ட் இரண்டு. பிளஸ், மைனஸ் இரண்டும் தனி அடாப்டருக்கு. அலாரம் காண்டாக்ட்டையும் டேம்பர் காண்டாக்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து, மிஞ்சும் இரண்டு முனைகளைக் கேமராவின் இன்புட்டில் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் ஆள் நடந்தாலும் சுற்று அறுபடும், யாராவது பிஐஆரின் மூடியைத் திறந்தாலும் அறுபடும். கேமரா செட்டிங்கில் என்சி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதாவது சாதாரண நேரத்தில் சுற்று மூடியிருக்கும். கதவில் வைக்கும் மேக்னட்டிக் காண்டாக்ட்டுக்கும் இதே முறைதான். ஆனால் அதன் பாக்கெட்டில் என்ஓ (சாதாரண நேரத்தில் சுற்று திறந்திருக்கும்), என்சி என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் காந்தம் பக்கத்தில் இருக்கும் நிலையைச் சொல்கின்றன, சில கம்பெனிகள் காந்தம் இல்லாத நிலையைச் சொல்கின்றன. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, கதவை மூடித் திறந்து பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

என்சி முறையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என்ஓ முறையில் ஒயரை எலி கடித்தாலும், ஆள் வெட்டினாலும் கேமராவுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என்சியில் ஒயர் அறுந்த நொடியில் அலாரம் வந்துவிடும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிட்டால் மட்டும் இதிலும் தெரியாது.

அப்புறம் அவுட்புட். பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். சிறிய கேமராக்கள் பலவற்றின் அலாரம் அவுட்புட் 12 வோல்ட், 30 மில்லிஆம்பியர்தான் தாங்கும். சாதாரண 12 வோல்ட் சைரன் 300 மில்லிஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். நேராக மாட்டினால் முதல் தடவை அலறலாம், அத்தோடு கேமராவின் அவுட்புட் கதை முடிந்துவிடலாம். நடுவில் ஒரு ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் நீல நிற 12 வோல்ட் ரிலேயின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், ஏறத்தாழ 400 ஓம். அதாவது அது மட்டுமே 30 மில்லிஆம்பியர் இழுக்கும். விளிம்பில் நிற்கிற கணக்கு. அடாப்டர் 13 வோல்ட் கொடுத்தால் எல்லை தாண்டிவிடும். ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) உள்ள ரிலே மாடுல் வாங்கினால் கேமராவின் அவுட்புட் சில மில்லிஆம்பியர் தந்தால் போதும், ரிலே காயிலை மாடுலே தன் சப்ளையிலிருந்து இயக்கிக்கொள்ளும். வெறும் ரிலே போடுவதாக இருந்தால் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு அவசியம். ஆக்ஸிஸ் கேமராக்கள் பலவற்றில் 100 மில்லிஆம்பியர் வரை அனுமதி உண்டு, அங்கே இந்த நெருக்கடி இல்லை.

இந்த வழியின் பெரிய லாபம், ஒயர் தூரம் குறைவு. சென்சாரும் கேமராவும் ஒரே அறையில் இருந்தால் ஐந்து மீட்டர் கேபிளில் வேலை முடிந்துவிடும். என்விஆர் இல்லாமல் மெமரி கார்டில் மட்டும் பதியும் ஒற்றைக் கேமராவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குறை என்ன? திருடன் முதலில் கை வைப்பது கேமராவில். கேமராவைப் பிடுங்கினால் அதோடு சேர்ந்த சென்சாரும் ஊமையாகிவிடும், சைரனும் அதன் வழியாக என்றால் அதுவும் போயிற்று. வெளிச்சுவரில் இருக்கும் கேமராவின் ரிலேயைக் கதவுப் பூட்டைத் திறக்கப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்து. கேமராவைக் கழற்றி இரண்டு ஒயரை உரசினால் கதவு திறந்துவிடும். வீட்டு கேட்டுக்கு இப்படிச் செய்து தரச் சொல்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு சிக்கல்: வேறு வேறு கம்பெனிக் கேமராவும் என்விஆரும் ஆன்விஃப் என்ற பொதுத் தரம் வழியாக இணைந்திருந்தால், படம் வரும், மோஷன் அலாரமும் வரலாம், கேமராவின் டெர்மினலில் வரும் அலாரம் என்விஆர் வரை வரும் என்று நிச்சயம் இல்லை. ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பின் கேமராப் படத்துக்கான தரங்களில் வீடியோ கட்டாயம். ரிலே மாதிரியான வசதிகள் அந்தக் கருவியில் இருந்தால் மட்டும் தர வேண்டிய வகையில் வருகின்றன. வாங்குமுன் மேசைமேல் வைத்து, இன்புட்டின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொடவைத்து, என்விஆரில் அலாரம் பதிவாகிறதா என்று பார்த்துவிடுவதுதான் நம்பகமான வழி.

என்விஆரின் பின்பக்கம்

நடுத்தர விலை என்விஆர்களின் பின்னால் பச்சை டெர்மினல் வரிசை ஒன்று இருக்கும். நான்கு இன்புட், ஒரு அவுட்புட் என்பது அடிக்கடி பார்ப்பது. பெரியவற்றில் 16 இன்புட் வரை உண்டு. மிகச் சிறிய நான்கு, எட்டு சேனல் பெட்டிகளில் இது இருக்காது.

இங்கே ஒரு சென்சார் அடித்தால் எத்தனை கேமராவை வேண்டுமானாலும் பதியச் சொல்லலாம். பின் கதவு திறந்தால் பின்கேமரா, குடோன் கேமரா, கல்லாவுக்கு மேல் உள்ள கேமரா மூன்றும் ஒன்றாகப் பதியும். சுழலும் கேமரா இருந்தால் அது பின் கதவுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சென்சார் அடிப்பதற்குச் சில நொடி முன்பிருந்தே பதிவு சேமிக்கப்படும்படி செட் செய்யலாம், ஆள் உள்ளே வந்த முகம் அதில்தான் கிடைக்கும். என்விஆர் பூட்டிய ரேக்கில் உள்ளே இருப்பதால் ஒயரிங்கும் பத்திரம்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஒயர் தூரம்தான். ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் ஒரு கேபிள் என்விஆர் வரை வர வேண்டும். கட்டிடம் கட்டும்போதே போட்டால் பிரச்சினை இல்லை. கட்டி முடித்து பெயின்ட் அடித்த கடையில் சுவர் முழுக்க கேசிங் ஓட்ட வேண்டியிருக்கும். குடோன் தனிக் கட்டிடமாகத் தள்ளி இருந்தால், வெட்டவெளியில் போகும் செம்பு ஒயர் இடி மின்னல் காலத்தில் சர்ஜை (திடீர் மின் எழுச்சியை) கொண்டுவந்து என்விஆருக்குள் விடும். ஐப்பசி, கார்த்திகையில் கேமரா சர்வீஸ் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் குடோன் சென்சாரை குடோன் கேமராவிலேயே முடித்துவிட்டு, இரண்டு கட்டிடத்துக்கும் இடையே ஃபைபர் போடுவது நல்லது.

தனி அலாரம் பேனல்

கேமராக்காரர்கள் பலர் இதைத் தேவையில்லாத செலவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கடைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், காரணம் கரண்ட்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேனலுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பேனல் 100 மில்லிஆம்பியர், நான்கு பிஐஆர் தலா 15 என்று வைத்தால் மொத்தம் 160 மில்லிஆம்பியர். தாளில் 43 மணி நேரம் வருகிறது. பேட்டரி பழசாகி முக்கால்வாசி கொள்ளளவே இருந்தாலும் ஒரு நாளைத் தாண்டும். சைரன் அரை ஆம்பியரில் ஐந்து நிமிஷம் அலறினால் செலவாவது 0.04 ஆம்பியர் ஹவர், கணக்கிலேயே வராது. இப்போது அதே பேட்டரியை ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் வைத்துக் கேமராக்களை ஓட்டிப் பாருங்கள். நான்கு கேமரா தலா 6 வாட், என்விஆர் 15 வாட், சுவிட்சும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட். மொத்தம் 54 வாட். பேட்டரியில் இருப்பதே 84 வாட் ஹவர். யூபிஎஸ்ஸின் சேதாரம் போக ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். அதற்கப்புறம் கேமராவில் மாட்டிய சென்சாரும் என்விஆரில் மாட்டிய சென்சாரும் வெறும் பிளாஸ்டிக் டப்பாக்கள். கடையின் மீட்டர் போர்டு வெளியே இருக்கிறது, மெயினை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கத் தெரிந்தவன் வந்தால்? ஐரோப்பாவின் இஎன் 50131 தரத்தில் இரண்டாம் கிரேடு அலாரத்துக்குக் கரண்ட் இல்லாமல் 12 மணி நேரம் ஓட வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, ஒயர் கண்காணிப்பு. பேனலில் ஒவ்வொரு ஜோனின் (பேனலுக்கு வரும் ஒரு சென்சார் ஒயர்ச் சுற்றின்) கடைசியிலும், அதாவது சென்சாருக்குள்ளேயே, ஒரு ரெசிஸ்டர் வைப்பார்கள். பேனல் அந்த ஓம் அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஒயரை வெட்டினாலும் தெரியும், ஷார்ட் செய்தாலும் தெரியும். அவசரத்தில் அந்த ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரெசிஸ்டர் இருந்தும் பயன் இல்லை, ஒயரை ஷார்ட் செய்தாலும் பேனலின் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வேலை முடிந்ததும் பேனலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜோன் டெர்மினலில் குட்டி ரெசிஸ்டர்கள் வரிசையாகத் தெரிந்தால் சென்சார் பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடையின் நேரம். கேமராவும் என்விஆரும் அலாரத்தை அட்டவணைப்படி இயக்கும்: ராத்திரி பத்தரை முதல் காலை ஏழு வரை என்பதுபோல. தீபாவளி வாரத்தில் பன்னிரண்டு மணி வரை வியாபாரம் நடக்கும், கடையில் ஜனம் நிற்கும்போது சைரன் அலறும். ஒரு தடவை இப்படி ஆனால் ஆள் அட்டவணையையே எடுத்துவிடுவார், பிறகு திரும்பப் போடமாட்டார். பேனலில் கீபேட் இருக்கிறது. மூடும்போது எண் போட்டு ஆர்ம் செய்துவிட்டு (அலாரத்தை விழிப்பு நிலையில் வைத்துவிட்டு) வெளியே வர அரை நிமிஷம் கொடுக்கும், காலையில் திறந்ததும் அதேபோல் அவகாசம் கொடுக்கும். சில என்விஆர்களில் ஒரு இன்புட்டில் சாவி சுவிட்ச் மாட்டி அலாரத்தை நிறுத்தி வைக்கலாம், ஆப்பிலும் செய்யலாம். ஆனால் கடைப் பையனிடம் ஆப்பைக் கொடுக்க முதலாளிகள் விரும்புவதில்லை. கீபேட் எண்ணை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, போகும்போது அழித்துவிடலாம்.

சிம் போட்ட பேனல் இன்டர்நெட் இல்லாமலே நேராகப் போன் அடிக்கும். நள்ளிரவில் ஆப் நோட்டிஃபிகேஷன் ‘டிங்’ என்றால் யார் எழுந்திருக்கிறார்கள்? போன் மணி அடித்தால் எழுந்திருப்பார்கள். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடியும் தேதியை மட்டும் யாராவது பொறுப்பாகக் குறித்து வைக்க வேண்டும்.

சரி, கேமரா எங்கே வந்தது? பேனலின் புரோகிராமபிள் அவுட்புட்டிலிருந்து (எப்போது இயங்க வேண்டும் என்று நாமே செட் செய்யக்கூடியது) இரண்டு ஒயர், ஒரு ரிலே வழியாக, என்விஆரின் ஓர் அலாரம் இன்புட்டுக்கு. அவ்வளவுதான் இணைப்பு. பேனல் அடித்ததும் என்விஆர் நான்கு கேமராவின் காட்சியையும் சில நொடி முன்பிருந்தே சேமிக்கும். என்விஆர் பழுதானாலும் பேனல் பாட்டுக்கு வேலை செய்யும்.

அடகுக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் இன்னொரு வசதி உண்டு. கல்லாவுக்குக் கீழே காலால் அழுத்தும் பேனிக் சுவிட்சைப் பேனலில் 24 மணி நேர ஜோனாக (ஆர்ம் செய்யாத நேரத்திலும் விழித்திருக்கும்படி) போட்டு, சைரன் இல்லாமல் போன் மட்டும் போகும்படி செட் செய்யலாம்.

ஒயர் இல்லாத சென்சார்கள்

வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாத இடம் என்றால் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு வயர்லெஸ் முறை), வைஃபை சென்சார்கள் கைகொடுக்கும். பொத்தான் பேட்டரியில் ஓடும் கதவு சென்சார், ஒரு ஹப், அந்த ஹப்பிலிருந்து கேமராவுக்கோ என்விஆருக்கோ கட்டளை. ஹோம் அசிஸ்டன்ட் மாதிரியான மென்பொருளை வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் இன்டர்நெட் இல்லாமலும் இது நடக்கும். ஆன்விஃப் 2021-ல் கொண்டுவந்த புரொஃபைல் எம் தரத்தில், நிகழ்வுகளை எம்க்யூடிடி (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக அனுப்பவும் வழி செய்திருக்கிறார்கள். ஆர்வமும் நேரமும் இருப்பவர்களுக்கு மற்ற வழிகளில் இல்லாத சுதந்திரம் இதில் இருக்கிறது: பிஐஆரும் அடிக்க வேண்டும், கேமராவும் மனிதன் என்று சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மட்டும் சைரன் என்று விதி எழுதலாம். பொய் அலாரம் நன்றாகக் குறையும்.

கடைக்கு இதை மட்டும் நம்பி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரும்பு ஷட்டர் சிக்னலை மறைக்கும். ஹப் கம்பெனியின் சர்வர் வழியாகவே எல்லாம் நடக்கும் அமைப்பு என்றால், ரவுட்டர் அணைந்ததும் சென்சாரும் கேமராவும் பேசிக்கொள்ளாது. மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் பல ஒருவழி ரகம். தகவலை அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்தாலும் பேனல் கவலைப்படாது. வயர்லெஸ்தான் வேண்டும் என்றால், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று குறித்த இடைவெளியில் விசாரிக்கும் இருவழி ரகம் வாங்குங்கள்.

கேமராவே போதாதா?

இப்போதைய கேமராக்கள் மனிதன், வண்டி என்று பிரித்துச் சொல்கின்றன, சிலவற்றில் சைரனும் விளக்கும் உள்ளேயே இருக்கின்றன. வீட்டு வாசலுக்கு, காம்பவுண்டுக்கு அதுவே போதும், சென்சார் செலவு வேண்டாம். ஆனால் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினாலோ, இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி மொய்த்தாலோ அதன் கண் மங்கும். மூட்டைகளுக்குப் பின்னால் கூரையைப் பிரித்து இறங்குபவன் அதற்குத் தெரியமாட்டான். புகை சென்சாரைக் கேமராவோடு இணைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். படம் பார்க்க மட்டும் இணைக்கலாம். தீ எச்சரிக்கை தனிப் பேனலில்தான் இருக்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

சென்சார் தேர்வில் நம் ஊர்க் கவலைகள்

பிஐஆர் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் தகரக் கூரை குடோன் சாயங்காலத்துக்கு மேலும் 35 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். உடம்பும் கிட்டத்தட்ட அதே சூடு. 12 மீட்டர் என்று போட்டிருக்கும் பிஐஆர் அப்போது பாதி தூரத்தில்கூடத் தடுமாறலாம். வெப்ப ஈடு செய்யும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், அல்லது மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை ரகம் போடுங்கள். மைக்ரோவேவ் மெல்லிய பிளைவுட், கண்ணாடி வழியாக ஊடுருவும் என்பதால் தெருப்பக்கம் திருப்பி வைக்கக் கூடாது. பல்லி இன்னொரு தொல்லை. லென்ஸ்மேல் ஊர்ந்தால் ஒரு ஆள் நடந்தது மாதிரியே சென்சாருக்குத் தோன்றும். ஒயர் நுழையும் ஓட்டையை சிலிகானால் அடைத்தால் உள்ளே போவதாவது நிற்கும், லென்ஸ்மேல் ஏறுவதைக் குறைக்க டியூப்லைட்டை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும்.

ஷட்டருக்கு ஜன்னலில் ஒட்டும் குட்டி காந்தம் சரிப்படாது. காற்றுக்கு ஷட்டர் ஆடினாலே அடிக்கும். தரையில் போல்ட் போடும் கனமான அலுமினிய ஷட்டர் காண்டாக்ட், இரண்டு மூன்று அங்குல இடைவெளி தாங்கும் ரகம் வாங்க வேண்டும். பஸ், லாரி போகும் ரோட்டில் அதிர்வு சென்சாரை ஷட்டரில் வைக்கவே வேண்டாம்.

ஆக, நாம் எடுத்துக்கொண்ட கடைக்கு என் பரிந்துரை: ஷட்டர், பின் கதவு, குடோன் பிஐஆர் மூன்றும் பேனலுக்கு, பேனலின் அவுட்புட் என்விஆருக்கு, சைரன் ஒன்று உள்ளே, ஒன்று எட்டாத உயரத்தில் வெளியே, இரண்டும் பேனலிலிருந்து. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் மூன்று சென்சாரையும் என்விஆரில் என்சி முறையில் முடித்து, என்விஆர், சுவிட்ச், ரவுட்டர் மூன்றுக்கும் பெரிய பேட்டரி வைத்த யூபிஎஸ் போடலாம். சென்சாரின் 12 வோல்ட் அடாப்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருக மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் பிஐஆரின் ரிலே விழுந்து பொய் அலாரம் வரும். ஒற்றைக் கேமரா, ஒற்றைக் கதவு உள்ள சின்ன அறைக்குக் கேமரா டெர்மினலே போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வேலை செய்தவருக்கு மீதிப் பணம் கொடுக்குமுன் அவர் எதிரிலேயே அலாரத்தை ஆர்ம் செய்து மெயின் சுவிட்சை இறக்குங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பின் கதவைத் திறந்து, சைரன் அலறுகிறதா, உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கரண்டைப் போட்டுவிட்டு, என்விஆருக்குப் பெரிய பேட்டரி யூபிஎஸ் போட்டிருந்தால் அதில் அந்த நேரத்துப் பதிவு இருக்கிறதா, அதில் காட்டும் மணி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.